சக்ஷன் பிடிக்கிறவளுக்கும் அதே மாஸ்க்தான் வேணும்

பல் கிளினிக்ல அசிஸ்டன்ட்டா இருக்கேன். 2020 மார்ச்ல லாக்டவுன் போட்டு, அப்புறம் கிளினிக் திறந்தப்போ, நான் அப்ப இருந்த இடத்துல டாக்டருக்கு என்95, எனக்கும் இன்ஸ்ட்ருமென்ட் கழுவுற அக்காவுக்கும் சாதா சர்ஜிக்கல் மாஸ்க். கேட்டதுக்கு "நீ பக்கத்துல சும்மா தானேம்மா நிக்கிற"ன்னுட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் மனசு ஆறல.

சும்மாவா நிக்கிறேன்? வாயில சேர்ற தண்ணியையும் எச்சியையும் உறிஞ்சுற சக்ஷன் குழாயைப் பிடிச்சு குனிஞ்சா பேஷன்ட் வாய்க்கும் என் மூக்குக்கும் ஒரு முழம்தான் இருக்கும். பல்லைக் குடையுற ஏரோட்டர் மெஷின் நிமிஷத்துக்கு 3 லட்சம் சுத்து சுத்தும், சூடேறாம இருக்க தண்ணி பீச்சிட்டே இருக்கும், அந்த தண்ணி எச்சி ரத்தம் எல்லாத்தோடயும் கலந்து பொகை மாதிரி கிளம்பும், பல்லுல படிஞ்ச காரையை எடுக்குற ஸ்கேலிங்லயும் இதே கதைதான். முடிஞ்சதும் மூஞ்சிக்கு முன்னாடி மாட்டுற பிளாஸ்டிக் ஷீல்டை கழட்டி லைட்டுக்கு நேரா பிடிச்சா பொடிப்பொடியா புள்ளி. கண்ணுக்குத் தெரியறதே இவ்ளோன்னா தெரியாம காத்துல மிதக்கிறது எவ்ளோ இருக்கும்!

சர்ஜிக்கல் மாஸ்க் நம்ம மேல தெறிக்கிறதைத் தடுக்கும், ஆனா கன்னத்தோரம் லூசா இருக்கறதால மூச்சு இழுத்தா காத்து அந்த வழியாவே உள்ள வந்துடும். என்95 போட்டா 0.3 மைக்ரான் துகள்ல 95 சதவீதமாவது நிக்கும், அதுவும் முகத்தோட ஒட்டி இருந்தாதான். ரெண்டு கையாலயும் பொத்தி ஊதிப் பாருங்க, ஓரத்துல காத்து வந்தா மூக்குக் கம்பியை அழுத்தி சரி பண்ணணும். தாடி இருந்தா ஒட்டவே ஒட்டாது. வால்வு வெச்சது வேணவே வேணாம், நம்ம மூச்சு வடிகட்டாம பேஷன்ட் மேல போகும்.

கழட்டும்போதுதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. க்ளவுஸை முதல்ல கழட்டணும், மாஸ்க் கடைசி, அதுவும் ரூமை விட்டு வெளிய வந்து, முன்பக்கம் தொடாம பட்டையைப் பிடிச்சு.

அக்காவை நினைச்சாதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கும். நீராவில கிருமியைக் கொல்ற ஆட்டோகிளேவ் மெஷின்ல போடறதுக்கு முன்னாடி ரத்தம் ஒட்டின கருவியை பிரஷ் போட்டுத் தேய்க்கிறது அவங்கதான், தெறிக்கிறது நேரா மூஞ்சிலதான்.

அடுத்து சேர்ந்த கிளினிக்ல மாஸ்க் தட்டுப்பாடு இருந்தப்பவும் மேடம் ஆளுக்கு அஞ்சு என்95 குடுத்து, மாத்தி மாத்திப் போட பேப்பர் கவர்ல கிழமை எழுதி வெச்சாங்க. கழுவுறவங்க பேர்லயும் அஞ்சு கவர் இருந்துச்சு.