மூன்று மீட்டர் நாடா

"அதில் ஒன்றும் இல்லைம்மா" என்று நான் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. "அதை நான் கேட்கவில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும்.

பழைய ஒலிநாடாக்களைக் காப்பாற்றி வைப்பது என் வேலை. 1960களின் நடுவில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஒரு ரசிகர், ஒரு ஜாஸ் குழுவின் மேடை வாசிப்பைப் பதிந்த கால் அங்குல ஒலிநாடா ரீல் அது. பெட்டியைத் திறந்ததுமே வினிகர் வாடை. விளக்குக்கு நேரே பிடித்தால் ரீலின் ஊடாக வெளிச்சம் தெரிந்தது. அசிடேட் என்ற பழைய வகை பிளாஸ்டிக் நாடாதான், சந்தேகமில்லை. வெளிச்சுற்றுகள் வற்றல் போலச் சுருண்டு, தொட்ட இடமெல்லாம் முறிந்தன. அசிடேட் இழுபடாது, நறுக்கென்று முறியும். பொறுமையாக உட்கார்ந்தால் ஒட்டிவிடலாம். அது தெரியாதவனில்லை நான். ஆனால் உள்ளே நாற்பது நிமிட வாசிப்பு இருந்தது. முனையில் ஒட்டு மேல் ஒட்டாகப் போட்டு ஓட்டி, அது எங்காவது சிக்கி, நல்ல சுற்றும் பிய்ந்துபோனால்? ஏழு துண்டாகிவிட்ட முனையை ஓர் உறையில் போட்டுவிட்டு, நல்ல இடத்திலிருந்து ஓட்டினேன். முதல் இரண்டு விநாடி அரங்க இரைச்சல், உடனே பியானோ. முன்னால் இருந்ததும் இரைச்சலாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். படிவத்தில் எழுதினேன்: 'தொடக்கம் சிதைவு. இசை இல்லை.'

அன்றைய நிலையில் அது சரியான முடிவு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதாவது, பெரும்பாலான நாட்களில்.

அந்த ரீலில் டிரம்ஸ் வாசித்தவரின் மகள் வந்தது சில மாதம் கழித்து. எழுபதைத் தாண்டியவர். ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "ஆரம்பத்தைப் போடு தம்பி" என்றார். இதுதான் ஆரம்பம் என்றேன். "இல்லை. அப்பா முதல் பாட்டுக்கு முன்னால் எல்லார் பேரையும் சொல்லுவார். ஒருநாளும் சொல்லாமல் தொடங்கினதில்லை." அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பெயர் என்பது அங்கே சின்ன விஷயமில்லை. நிறவெறி ஆட்சி நடந்த காலம் அது. 1964இல் கேப் டவுன் நகர மன்றத்தில் கறுப்பினக் கலைஞர் வின்ஸ்டன் மன்குன்கு திரைக்குப் பின்னால் நின்று சாக்ஸபோன் வாசித்தார். மேடையில் ஒரு வெள்ளைக்காரர் வாசிப்பதுபோல் பாவனை செய்தார். விளம்பரத்தில் மன்குன்குவின் பெயரை 'வின்ஸ்டன் மான்' என்று போட்டிருந்தார்கள். அதே ஆண்டு புளூ நோட்ஸ் என்ற தென்னாப்பிரிக்க ஜாஸ் குழு பிரான்ஸுக்குப் போய் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டது. ஊரில் இருந்தவர்களில் பலருக்கு ஸ்டூடியோ வாசல் அரிதாகத்தான் திறந்தது. இரவிரவாக அவர்கள் வாசித்ததைப் பிடித்து வைத்தவர்கள் ரசிகர்கள்தான். இயன் புரூஸ் ஹண்ட்லி 1964 முதல் 1974 வரை படமும் எடுத்து, ஒலியும் பதிந்து வைத்திராவிட்டால் எத்தனை பேரின் வாசிப்பு நம் காதுக்கே வந்திருக்காது!

எங்கள் ரீலோடும் ஒரு நெகட்டிவ் வந்தது. அதே இரவு, அதே மேடை. ஆறு முகம். நால்வர் பெயர் தெரியும். பாஸ் வாசிப்பவருக்கும், டிரம்பெட்டைத் தாழ்த்திப் பிடித்துக் கண்ணை மூடி நிற்கும் இளைஞனுக்கும் நேரே 'அடையாளம் தெரியவில்லை' என்று எழுதியதும் நான்தான். அவன் சட்டைக் காலரில் ஒரு பக்கம் மட்டும் மடிந்திருக்கிறது. ஸ்கேனில் பெரிதாக்கினால் தையல் பிரிந்திருப்பதும் தெரியும்.

அன்று இரவு கணக்குப் போட்டேன். விநாடிக்கு 9.5 சென்டிமீட்டர் வேகம். உறையில் இருப்பது சுமார் மூன்று மீட்டர். ஏறக்குறைய 32 விநாடி. ஆறு பெயரைச் சொல்ல அது தாராளம்.

சொல்லியிருப்பார் என்பதற்கு என்ன உறுதி? அந்த அம்மாவின் ஞாபகம் வேறு ஏதோ இரவினுடையதாக இருக்கலாம். ரெக்கார்டரை அவருடைய அப்பா பேசி முடித்த பிறகு போட்டிருக்கலாம். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நாற்பது நிமிடத்தைக் காப்பாற்றினேனே என்றும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் 'இசை இல்லை' என்று எழுதியபோது, இசை இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்றுதானே நினைத்திருக்கிறேன்? அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

போன வாரம் அந்த வரியை அடித்துவிட்டு 'கேட்கப்படவில்லை, ஏழு துண்டுகள் உறையில்' என்று மாற்றினேன். ஒட்டு நாடாவும் வாங்கி வைத்திருக்கிறேன். முதல் துண்டை நிமிர்த்தும்போது ஓரம் பொடிந்தது, நிறுத்திவிட்டேன். அந்த அம்மாவின் எண் படிவத்தில் இருக்கிறது. இன்னும் கூப்பிடவில்லை.