சங்கரன்கோவிலில் ஒரு தயக்கம்

சங்கன், பதுமன் என்று இரண்டு நாகங்கள். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று ஓயாத சண்டை. சிவனும் திருமாலும் ஒரே உருவில் காட்சி தர வேண்டும் என்று கோமதி அம்மன் தவமிருந்தாளாம். அந்தத் தவத்தைக் கொண்டாடும் திருவிழாதான் ஆடித்தபசு. நாகங்கள் அன்றே சமாதானமாகிவிட்டன, நாம்தான் வாட்ஸ்அப்பில் இன்னும் முடித்தபாடில்லை. சரி, அதை விடுங்கள்.

சங்கரநாராயணர் சன்னதியில் வலப்பாதி சடையும் மழுவுமாக சிவன், இடப்பாதி கிரீடமும் சங்குமாகப் பெருமாள். திருநீறும் தருகிறார்கள், துளசி தீர்த்தமும் தருகிறார்கள். முதல் தடவை போனபோது நீறு பூசிய கையைத் தீர்த்தத்துக்கு நீட்டத் தயங்கினேன். பின்னால் நின்ற பாட்டி, "வாங்கிக்கோ தாயி, ரெண்டும் அவுகதான்" என்றார். விரலில் ஒட்டியிருந்த நீறும் தீர்த்தத்தோடு கலந்து உள்ளே போனது.