பாதியில் நின்ற விமானம்: ரிவெட், துரு, எரிபொருள் தொட்டி

இரண்டு பேர் உட்காரும் அலுமினிய கிட் விமானம், அதாவது பாகங்களாக வாங்கி நாமே கட்டுவது. ஒருவர் பாதியில் விட்டது. வால் முடிந்திருந்தது, இறக்கைகளில் மேல் தகடு மட்டும் அடித்திருந்தது, உடல் பகுதி இன்னும் பெட்டியில். இந்த நிலையில்தான் சிங்கப்பூரில் காக்கி புக்கிட்டில் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்தது. இப்படி ஒன்றை வாங்கும்போது பொருளுக்கு மட்டும் விலை பேசுங்கள், முந்தையவரின் உழைப்புக்குத் தனியாக ஒரு வெள்ளிகூட வேண்டாம். மூடிய தகட்டுக்குள் வேலை எப்படி நடந்தது என்பது திறந்து பார்க்கும்வரை தெரியாது.

அவருடைய வேலைப் பதிவேட்டையும் படங்களையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பின்னால் அமெரிக்காவில் பதிவு செய்வதென்றால், பாதிக்கு மேற்பட்ட வேலையை அமெச்சூர்களே செய்ததாகக் காட்டவேண்டும். சான்று இருந்தால் முந்தையவர் செய்ததும் அந்தக் கணக்கில் சேரும். இங்கே பறப்பதற்கு என்ன அனுமதி கிடைக்கும் என்பதைச் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

முதலில் வால். தகடுகளை இணைக்கும் 3/32 அங்குல ரிவெட்டை (தண்டின் நுனி நசுங்கி உட்புறத் தலையாகும் ஆணி) அடித்தபின் உட்புறத் தலை ஏறத்தாழ 3.6 மி.மீ. அகலம், 1.2 மி.மீ. உயரம் இருக்கவேண்டும், அதாவது தண்டின் விட்டத்தில் ஒன்றரை மடங்கும் பாதியும். கை எட்டும் இடத்தில் அளவுகோல், எட்டாத இடத்தில் போர்ஸ்கோப் (இடுக்குக்குள் விட்டுப் பார்க்கும் குழாய்க் கேமரா). கொஞ்சம் குறைவாக அடிபட்டிருந்தால் அப்படியே விடுவது நல்லது. கழற்றும்போது ஓட்டை பெரிதாகிற ஆபத்துதான் அதிகம். சாய்ந்தவை, வெடித்தவை, தகடுகளுக்கு நடுவே பிதுங்கியவை கட்டாயம் வெளியே வரவேண்டும். தலையின் நடுவில் 40ஆம் எண் டிரில்லால் தலையின் ஆழம் மட்டும் துளைத்து, ‘பின் பஞ்ச்’ என்ற மெல்லிய எஃகு முளையைச் செருகி நெம்பினால் தலை உடைந்து வரும். பின்னால் மரக்கட்டையை அணைவாகப் பிடித்துத் தண்டைத் தட்டி எடுக்கலாம். ஓட்டை நீண்டுவிட்டால் 30ஆம் எண் டிரில்லின் அளவுக்குப் பெரிதாக்கி, சின்னத் தலையுள்ள என்ஏஎஸ்1097 வகையில் 1/8 அங்குல ரிவெட் போடலாம். அதன் தலை பழைய குழியில் ஏறக்குறைய சரியாக உட்காரும்.

அடுத்தது துரு. நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் விடியலுக்கு முன் 90 விழுக்காட்டைத் தாண்டும். தகட்டின் மேல் ஒட்டிவரும் நீல பிளாஸ்டிக்கை ஆண்டுக்கணக்கில் உரிக்காமல் வைத்திருந்ததுதான் இங்கே பெரிய கேடு. பசை இறுகிப்போய்த் துண்டு துண்டாகத்தான் வருகிறது. அடியில் நூல் ஓடியதுபோல் வெண்சாம்பல் கோடுகள். 2024-டி3 என்ற அலுமினியக் கலவைத் தகட்டின் மேலிருக்கும் சுத்த அலுமினியப் பூச்சு மிக மெல்லியது. வெட்டிய விளிம்பிலும் ஓட்டையின் ஓரத்திலும் அதுவும் கிடையாது. கோடுகளை மெரூன் நிற ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்புப் பட்டையால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலக் கரைசலால் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் எபாக்சி பிரைமர் அடித்தோம். இரும்புக் கம்பிப் பஞ்சு கூடவே கூடாது. அதன் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து புதிய துருவுக்கு வழி செய்யும். விரல் நகம் மாட்டுகிற அளவு குழி இருந்த தகடுகளை ஒதுக்கிவிட்டுப் புதிது வரவழைத்தோம்.

எரிபொருள் தொட்டியில்தான் பொறுமை வேண்டும். கசிவு இருக்கிறதா என்று பார்க்கக் காற்றைச் சைக்கிள் பம்பால் மட்டும் ஏற்றுங்கள், கம்ப்ரஸர் தொட்டியை உப்ப வைத்துவிடும். 1 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம்) போதும். யு வடிவக் குழாயில் அது ஏறத்தாழ 70 செ.மீ. நீர்மட்டம். குளிர்சாதனத்தை நிறுத்தினாலே அழுத்தம் மாறும் என்பதால் மட்டத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், ஒவ்வொரு ரிவெட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கவேண்டும். கசிவு பின்தடுப்பின் (தொட்டியின் பின்பக்கத் தகடு) மூலையில் இருந்தது. வெளியே பூசினால் உள்ளழுத்தம் தள்ளிவிடும், அடைப்பது உள்ளேயிருந்துதான். பின்தடுப்பில் கை நுழையும் வட்டம் வெட்டி, பழைய சீலன்ட்டை (கசிவை அடைக்கும் பசை) பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, அசிட்டோனால் துடைத்தோம். புதிய பாலிசல்ஃபைட் சீலன்ட்டை எடைக்கு 10 பங்கு பசைக்கு 1 பங்கு இறுக்கி என்று மின்தராசில் கலக்கவேண்டும், கண்ணளவு உதவாது. பி-2 வகையின் டப்பாவில் கலந்தபின் இரண்டு மணி நேரம் பூசலாம் என்று போட்டிருந்தாலும் நம் ஈரத்தில் முன்னதாகவே இறுகத் தொடங்கும், ஆகவே ஒரு தடவைக்கு 50 கிராமுக்கு மேல் வேண்டாம். காலாவதியான டப்பா எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொட்டிக்குள் போகக்கூடாது.

இப்போது தொட்டி காற்றைப் பிடித்து நிற்கிறது. அடுத்து இறக்கையின் கீழ்த் தகடு. அதை மூடுமுன் வயர் குழாயும், காற்றில் வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாயும் உள்ளே போகவேண்டும். இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டமான ஒவ்வொரு விலாவையும் எண் எழுதிய சீட்டோடு படமெடுத்துப் பதிவேட்டில் சேர்த்துவருகிறோம்.