ஒட்டிக்கொண்ட பிரேக் டிஸ்க்கைக் கழற்றுவது

முன்சக்கர டிஸ்க்கை வீட்டிலேயே கழற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபரைப் பார்த்துத்தான் தயங்குகிறார்கள். அதில் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு சின்ன போல்ட், இரண்டு பெரிய போல்ட், அவ்வளவுதான். நேரத்தைத் தின்பது, ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) துருவேறி ஒட்டிக்கிடக்கும் டிஸ்க். கடலோர ஊர்க் கார் என்றால் கேட்கவே வேண்டாம்.

முன்னால் டிஸ்க், ஒற்றைப் பிஸ்டன் காலிபர், பின்னால் டிரம் என்று வரும் சின்னக் கார்களுக்கானது இது. பின்னாலும் டிஸ்க் இருந்து, ஹேண்ட் பிரேக்கும் அந்தக் காலிபருக்குள்ளேயே அமைந்திருந்தால், அங்கே பிஸ்டனை வெறுமனே அழுத்தக் கூடாது. கேபிள் வகை என்றால் பெரும்பாலும் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும்.

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். டயர் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிட்டு, அப்புறம் ஜாக்கி. தூக்கியதும் வண்டி ஜாக் ஸ்டாண்டில் உட்கார வேண்டும். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம், சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

பிரேக் ஆயில் டப்பாவில் அளவு மேல்கோட்டைத் தொட்டிருந்தால் சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள். பிஸ்டனைத் தள்ளும்போது ஆயில் ஏறி வழியும். வழிந்தால் பெயின்டைத் தின்றுவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். டிஸ்க்கை உரசும் பழைய பிரேக் பேடுகள் உள்ளே இருக்கும்போதே காலிபரின் பின்பக்கத்தையும் வெளிப்பேடையும் சேர்த்து ஜி கிளாம்பால் மெதுவாக இறுக்கினால் பிஸ்டன் உள்ளே போகும். தேய்ந்த டிஸ்க்கின் ஓரத்தில் ஒரு வரம்பு நின்றிருக்கும். பிஸ்டன் பின்வாங்காவிட்டால் பேடுகள் அதில் மாட்டிக்கொண்டு காலிபர் வராது.

ஸ்டீயரிங்கைத் திருப்பினால் காலிபரின் முதுகு வெளியே தெரியும். சின்ன போல்ட்டுகள் பொதுவாக 12 அல்லது 14 மி.மீ., காலிபரைத் தாங்கும் பிராக்கெட்டின் பெரிய போல்ட்டுகள் பெரும்பாலும் 17 மி.மீ. சின்ன போல்ட்டோடு சேர்ந்து, காலிபர் நகர உதவும் பின்னும் (pin) சுற்றினால், அந்தப் பின்னை ஒரு மெல்லிய ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். போல்ட் தலைகள் வண்டியின் உட்பக்கம் பார்த்திருப்பதால், வெளியே உட்கார்ந்து கையை விட்டுத் திருப்பும்போது திசை குழம்பும். தளர்த்துவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்போம். ஒருமுறை தலையை நேராகப் பார்த்து இடஞ்சுழி எது என்று உறுதிசெய்துவிட்டு பலத்தைக் காட்டுங்கள். அறுமுனை சாக்கெட் நல்லது, திறந்த ஸ்பேனர் தலையை உருட்டிவிடும்.

கழன்ற காலிபரைக் கம்பி போட்டு சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஆயில் வரும் ரப்பர் ஹோஸில் அதன் பாரம் இறங்கினால் வெளியே தெரியாமல் உள்ளே கிழியும். அந்த நேரத்தில் யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும். காலிபரையே மாற்றுவதாக இருந்தால் மட்டும் ஹோஸ் போல்ட்டைத் தொடுங்கள். தொட்டால் இரண்டு புதுச் செம்பு வாஷரும், ஆயிலில் புகுந்த ஏரை எடுக்கும் வேலையும் சேர்ந்தே வரும்.

இனி டிஸ்க். ஹோண்டா, ஹூண்டாய் கார்கள் பலவற்றில் டிஸ்க்கைப் பிடித்து ஸ்டார் ஸ்குரூ இருக்கும். சாதாரணத் திருப்புளி அதன் தலையைத் தேய்த்துவிடும். சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர்தான் சரி. கடைசிவரை வராவிட்டால் தலையை டிரில் போட்டு எடுத்துவிடலாம். ஓட்டத்தில் டிஸ்க்கை இறுக்கிப் பிடிப்பது வீல் நட்டுகள், இந்த ஸ்குரூ அல்ல.

பல டிஸ்க்குகளின் முகப்பில் மரை போட்ட இரண்டு துளைகள் காலியாக இருக்கும். பொதுவாக 8 மி.மீ., 1.25 மரை. அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டு சுத்தியலைத் தேடுகிறவர்கள் அதிகம். ஹப் மையத்திலும், வீல் நட்டு ஏறும் ஸ்டட்களைச் சுற்றியும் துரு இளக்கும் ஆயிலைத் தெளித்து 15, 20 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு இரண்டு துளைகளிலும் போல்ட் போட்டு, மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்குங்கள். ஒரு கட்டத்தில் 'டக்' என்று விட்டுவிடும். ஒன்றை மட்டும் இறுக்கினால் டிஸ்க் சாய்ந்து, மரைதான் போகும். துளை இல்லாத டிஸ்க் என்றால் ஒரு வீல் நட்டை நாலு மரை ஏற்றிவிட்டு, ஸ்டட்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் வீல் பேரிங் வாங்கிக்கொள்ளும்.

பலர் தாண்டிப்போகும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். அங்கே விட்டுவைத்த துருத்துணுக்கின் உயரம் டிஸ்க்கின் விளிம்பில் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சுற்றும்போது டிஸ்க் பக்கவாட்டில் ஆடுவதற்குப் பொதுவாக அனுமதிக்கப்படுவதே 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான். சில மாதம் கழித்துப் பெடல் துடித்தால் புது டிஸ்க்கைத் திட்டுவார்கள், குற்றவாளி துருவாகத்தான் இருக்கும்.

பழைய டிஸ்க்கையே மாட்டுவதானால் கனத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, அதன் மேல் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். வெர்னியர் ஓர வரம்பில் உட்கார்ந்து அதிகமாகக் காட்டும். புது டிஸ்க்கில் துரு பிடிக்காமல் பூசிய எண்ணெயை இருபக்கமும் பிரேக் கிளீனரால் துடைத்தெடுங்கள். காலிபர் பின்களுக்கு சிலிக்கோன் கிரீஸ்தான், சாதாரண கிரீஸில் ரப்பர் ஊதிப்போகும். மேல் பின்னும் கீழ் பின்னும் வேறாக இருக்கலாம், இடம் மாற்றாதீர்கள். இறுக்கும் அளவுகளை உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள்.

வண்டியை நகர்த்தும் முன் பெடல் கல்லாகும்வரை பம்ப் செய்யுங்கள். முதல் மிதிப்பு தரைவரை போகும், வாசலிலேயே முட்டிக்கொள்பவர்கள் இதை மறந்தவர்கள்தான். காலியான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10-க்கு, முழுதாக நிறுத்தாமல், பத்துமுறை மிதமாகப் பிரேக் பிடியுங்கள். 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.