மொட்டை மாடியில் படித்த ஹாம் தேர்வு

ஹாம் ரேடியோவுக்கான, அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் தொடர்புகொள்வதற்கான, ஏஎஸ்ஓசி என்ற சான்றிதழ் தேர்வில் நான் எழுதியது ரெஸ்ட்ரிக்டெட் கிரேடு. மோர்ஸ் என்ற தந்திக் குறியீடு கிடையாது. ரேடியோ தியரி, விதிமுறைகள் என்று இரண்டு பகுதி. நான் எழுதியபோது ஒவ்வொரு பகுதியிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். அதனால் விதிமுறைகளை உருப்போட்டுவிட்டு தியரியைக் கைகழுவலாம் என்ற கணக்கு செல்லாது. நானோ காமர்ஸ் படித்தவன். மூன்று வாரம் புத்தகத்தோடு மல்லுக்கட்டியும் ஆண்டெனா பாடம் மட்டும் தலையில் ஏறவே இல்லை. ஒரு வயரை எடுத்துக் கட்டிப் பார்த்த பிறகுதான் ஏறியது.

நான் கட்டியது அரை அலை டைபோல்: நடுவில் பிரிந்து இரண்டு கையாக நீளும் வயர் ஆண்டெனா. அதன் நீளம் மீட்டரில் வேண்டுமென்றால் 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்க வேண்டும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20.14 மீட்டர், அதாவது ஒரு பக்கத்துக்கு 10.07. எலக்ட்ரிக் கடையில் இரட்டை வயர் 11 மீட்டர் வாங்கி, நடுவில் கிழித்தேன். இரண்டு கையும் கிடைத்துவிட்டது. பிவிசி பைப் துண்டுகள்தான் இன்சுலேட்டர். நடுப்பகுதியை மூங்கில் கழியில் உயர்த்தி, இரண்டு முனைகளையும் நைலான் கயிற்றில் சாய்வாக இழுத்துக் கட்டினேன், தலைகீழ் ‘வி’ போல. பக்கத்தில் மின்கம்பி போகிற இடமாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

ஹாம் நண்பர் ஒருவரிடம் நானோவிஎன்ஏ என்ற ஆண்டெனா அளக்கும் கருவியை இரவல் வாங்கி அளந்தேன். ஆண்டெனா எந்த அதிர்வெண்ணுக்குப் பொருந்துகிறதோ அங்கே திரையில் உள்ள கோடு பள்ளமாக இறங்கும். 7.1-இல் வர வேண்டிய பள்ளம் 6.85-இல் கிடந்தது. சூத்திரம் தப்பில்லை; அது வெறும் செம்புக் கம்பிக்கானது. மேலே பிளாஸ்டிக் உறை இருந்தால் அலை கொஞ்சம் மந்தமாகும், முனைகள் தரைக்கு அருகில் இருந்தாலும் அதிர்வெண் இறங்கும். வயர் நீளம் என்றால் அதிர்வெண் குறைவு, அதனால் வெட்ட வேண்டும். அவசரத்தில் பக்கத்துக்கு அரை மீட்டர் வெட்டினேன். பள்ளம் 7.21-க்குத் தாவியது. நமக்கு அனுமதித்த 7.0–7.2-ஐத் தாண்டிப் போயாச்சு! வெட்டியதைத் திரும்ப முறுக்கி ஒட்டவைத்த பிறகுதான் ஒழுங்காகக் கணக்குப் போட்டேன்: 10.07 × 6.85 ÷ 7.1 = 9.72. குறைக்க வேண்டியது 35 சென்டிமீட்டர்தான். இந்த முறை வெட்டவில்லை, முனையை மடித்து பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டினேன். இதைச் செய்தவனுக்கு, ‘ஆண்டெனாவை நீட்டினால் என்ன ஆகும்’ என்ற கேள்விக்கு யோசிக்கவே வேண்டாம்.

எஸ்டபிள்யூஆரும் அப்படித்தான் புரிந்தது. ஆண்டெனாவும் கேபிளும் எவ்வளவு பொருந்துகின்றன என்று சொல்லும் எண் அது; 1 என்றால் முழுப் பொருத்தம். வெட்டவெளியில் நேராக நிற்கும் டைபோலுக்கு ஏறத்தாழ 73 ஓம், ரேடியோவையும் ஆண்டெனாவையும் இணைக்கும் நம் கோஆக்ஸ் கேபிளுக்கு 50. 73-ஐ 50-ஆல் வகுத்தால் 1.46. கைகளைச் சாய்த்தால் ஓம் குறைந்து 50-க்கு நெருங்கி வரும். கயிற்றை இழுத்தும் தளர்த்தியும் அந்த எண் மாறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் மறக்காது. மின்னோட்டம் நடுவில் அதிகம், மின்னழுத்தம் முனையில் அதிகம் என்பதையும் இதோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். முனையைக் கை எட்டாத உயரத்தில் கட்டச் சொல்வது இதற்காகத்தான்.

ஒன்று சொல்ல வேண்டும்: அளப்பது வேறு, ஒலிபரப்புவது வேறு. லைசென்ஸ் வரும்வரை மைக்கைத் தொடாதீர்கள். விதிமுறைப் பகுதியில் முதல் பாடமே அதுதான்.

கியூ கோடு, அதாவது ரேடியோவில் பயன்படுத்தும் ‘கியூ’வில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள், மனப்பாட வேலை. என்னைக் குழப்பியது கியூஆர்எம், கியூஆர்என் இரண்டும்தான். ‘எம்’ மனிதன் செய்யும் இரைச்சல், ‘என்’ நேச்சர் செய்வது என்று வைத்துக்கொண்டேன். நண்பர் வீட்டில் ஒரு மழை இரவில் மின்னல் வெட்டும்போதெல்லாம் ஸ்பீக்கர் கரகரத்தது. அதுதான் கியூஆர்என். அப்புறம் கடைசிவரை எனக்கு இரண்டும் மாறிப்போகவே இல்லை.

தேர்வு முடிந்து அழைப்புக் குறி, அதாவது ரேடியோவில் எனக்கான அடையாளப் பெயர், வந்த பிறகு அதே வயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறேன். ஈர வயலில் ஒரு அளவு, பாறையில் ஒரு அளவு என்று பள்ளம் நகர்கிறது. அதனால் அந்த 35 சென்டிமீட்டரை இன்னும் வெட்டவில்லை.