பரீட்சைக்கு வராத சீனா

எங்கள் உயர்தர கலைப்பிரிவில் வரலாறு படிப்பித்த மாஸ்டருக்குப் பொடியள் வைத்த பட்டம் 'சீனத்தார்'. எழுபதுகளின் தொடக்கத்தில் படித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். பின்னால் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: ஐரோப்பிய வரலாறு ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். பிரெஞ்சுப் புரட்சியில் கில்லட்டின் வந்ததோ இல்லையோ, மாஸ்டர் சீனாவுக்குப் போய்விடுவார். "இது பரீட்சைக்கு வராது, எழுதாதையுங்கோ" என்பார். உடனே கொப்பிகள் மூடப்படும், வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

முதலில் எங்களைப் பிடித்திழுத்தது கொடூரம்தான். அந்த வயதில் வேறு என்ன இழுக்கும்? பண்டைச் சீனத்தின் ஐந்து தண்டனைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கரும்பலகையில் எழுதினார்: முகத்தில் பச்சை குத்துதல், மூக்கறுத்தல், கால் வெட்டுதல், ஆண்மை நீக்கம், மரணம். நாலாவதை எழுதி முடிக்கமுன் பின்வாங்கில் 'நலமடிக்கிறது' என்று ஒருவன் முணுமுணுக்க, சிரிப்பு கிளம்பியது. மாஸ்டர் கோபிக்கவில்லை. சிமா சியானைப் பற்றிச் சொன்னார்.

ஹான் பேரரசர் வூவின் அவையில் இருந்த வரலாற்றாசிரியர் அவர். எதிரியிடம் சரணடைந்த லி லிங் என்ற தளபதிக்காகப் பரிந்து பேசினார். பேரரசருக்குக் கோபம். பணம் கட்டினால் மீளலாம். அவரிடம் பணமில்லை, நண்பர்களும் எட்டிப் பார்க்கவில்லை. மானமுள்ளவன் அந்த நிலையில் தற்கொலை செய்துகொள்வான் என்பது அக்கால எதிர்பார்ப்பு. கையில் எடுத்த வரலாற்று நூலை முடிக்கவேண்டும் என்பதற்காக அவர் அந்த நாலாவது தண்டனையை ஏற்று உயிரோடு இருந்தார். "பழைய சீனாவைப்பற்றி எங்களுக்குத் தெரிஞ்சதிலை பெரும்பங்கு அந்த மனிசன் எழுதினதுதான்" என்றார் மாஸ்டர். பின்வாங்கு அடங்கிவிட்டது.

அவர் மிகவும் விரும்பிச் சொன்ன கதை கி.மு. 167இல் நடந்தது. சுன்யூ யி என்ற வைத்தியரைக் குற்றம் சாட்டித் தலைநகருக்குக் கொண்டு போகிறார்கள். அவருக்கு ஐந்தும் பெண்கள். ஆபத்துக்கு உதவ ஓர் ஆண்பிள்ளை இல்லையே என்று தகப்பன் அலுத்துக்கொள்ள, கடைசி மகள் தியிங் அழுதுகொண்டு பின்னாலேயே போகிறாள். பேரரசர் வென்னுக்கு மனு எழுதுகிறாள்: செத்தவர் திரும்பி வரமாட்டார், வெட்டிய உறுப்பு ஒட்டாது, திருந்த நினைப்பவனுக்கும் வழி அடைபட்டுப் போகிறது, என்னை அரச அடிமையாக எடுத்துக்கொண்டு அப்பாவை விடுங்கள். பேரரசர் மனமிளகி, உறுப்பு வெட்டும் தண்டனைகளை நீக்கிவிட்டார்.

எங்களில் சிலருக்குக் கண் கலங்கியிருந்தது. மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இனித்தான் கதை" என்றார்.

மூக்குக்குப் பதிலாக 300 அடி. இடது காலுக்குப் பதிலாக 500. வலது கால் போகவேண்டியவனுக்கு நேரே மரணம். மூக்கில்லாமலாவது வாழ்ந்திருக்கக்கூடியவன், அடி எண்ணி முடியுமுன் செத்தான். வெளியே பார்த்தால் தண்டனையைக் குறைத்த பெயர், உள்ளே நடந்தது ஆட்கொலை என்று பின்னாளில் பான் கு என்ற வரலாற்றாசிரியர் எழுதினார். அடுத்த பேரரசர் ஜிங் இரண்டு தரம் குறைக்கவேண்டி வந்தது: 500 முதலில் 300 ஆகி, பிறகு 200 ஆனது, 300 படிப்படியாக 100க்கு இறங்கியது. அதோடு தடிக்கும் சட்டம் போட்டார்கள். நீளம் இவ்வளவு, தடிப்பு இவ்வளவு, மூங்கிலின் கணுக்களைச் சீவி மட்டப்படுத்தவேண்டும், அடி பின்புறத்தில்தான் விழவேண்டும், அடிக்கிறவன் இடையில் ஆள் மாறக்கூடாது. பிரம்போடு நெருங்கிய பழக்கமுள்ள எங்களுக்கு, அந்தக் கடைசி விதியை எழுதியவன் அனுபவசாலி என்று உடனே விளங்கியது.

தண்டனையைக் குறைத்துவிட்டோம் என்று எந்த அரசு சொன்னாலும், எதை எதற்கு மாற்றினார்கள் என்று கேட்கும் குணம் எனக்கு அந்த வகுப்பில்தான் தொற்றியது. என் மனைவி இதைக் குணம் என்று சொல்லமாட்டா.

653இல் விளக்கவுரையோடு வெளிவந்த தாங் அரசமரபின் சட்டத்தொகுப்பு வரும்போது ஐந்து தண்டனைகளும் வேறாகிவிட்டன: சிறுதடியால் 10 முதல் 50 அடி, பெருந்தடியால் 60 முதல் 100, கட்டாய உழைப்பு, நாடுகடத்தல், மரணம். மரணத்திலும் இரண்டு படி. கழுத்தை நெரிப்பது இலேசான தண்டனை, தலையை வெட்டுவது கடுமையானது. நோவு எதில் குறைவு என்று வகுப்பில் பெரிய விவாதம் நடந்தது. நோவு அங்கே கணக்கில்லை என்றார் மாஸ்டர். தாய் தகப்பன் தந்த உடம்பை முழுதாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும். தலை வேறாகப் போனால் முன்னோரிடம் எந்த முகத்தோடு போவது?

சீனாவின் கடைசி அரசமரபான சிங் ஆட்சியில் தீர்ப்பில் 100 அடி என்றிருந்தால் விழுவது 40. "மிச்சம் அறுபது எங்கை சேர்?" என்று கேட்டவன் இன்று இலண்டனில் கணக்காளர். "அது பேரரசற்றை கருணை. கணக்கிலை மட்டும் நிக்கும்" என்றார்.

உயிரோடு துண்டு துண்டாக வெட்டும் தண்டனையைப் பற்றி மாஸ்டர் விரிக்கவே இல்லை. 1905இல் ஷென் ஜியாபென், இலண்டனில் சட்டம் படித்த வூ திங்ஃபாங் ஆகியோரின் முயற்சியால் அது நீக்கப்பட்டது என்று சொல்லிக் கடந்துவிட்டார்.

கி.மு. 209இல் நடந்த கிளர்ச்சியை மட்டும் நடித்தே காட்டுவார். எல்லைக் காவலுக்கு நடத்திச் செல்லப்பட்ட 900 பேர் மழையில் அகப்படுகிறார்கள். பிந்திப் போனால், ஹானுக்கு முன் ஆண்ட சின் பேரரசின் சட்டப்படி தலை போகும். போனாலும் சாவு, எழுந்தாலும் சாவு என்று அவர்களில் ஒருவனான சென் ஷெங் கிளர்ந்தெழ, மூன்று ஆண்டுக்குள் சின் பேரரசே இல்லாமல் போயிற்று.

ரொறன்ரோ வந்த பிறகு, பல்கலைக்கழக நூலகமொன்றில் ஷுய்ஹுதி பற்றி வாசித்தேன். 1975இன் கடைசியில் ஹூபெய் மாகாணத்தில் தோண்டிய கல்லறை அது. சீ என்ற சின் அரசின் சிறு அதிகாரியைப் புதைத்தபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட மூங்கில் ஏடுகளையும் சவப்பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பல ஏடுகளில் சட்டம். அரச வேலைக்கு மூன்று முதல் ஐந்து நாள் பிந்தினால் ஏச்சு. ஆறு முதல் பத்து நாள் என்றால் ஒரு கேடயம் தண்டம். அதற்கும் மேலானால் ஒரு கவசம். மழையென்றால் வேலையே இரத்து. எல்லைக் காவலுக்கும் இதே விதிதானா என்பதில் அறிஞர்களிடையே வழக்கு உண்டு. என்றாலும் எனக்கு நித்திரை வரவில்லை. எல்லாவற்றையும் எழுதி, ஊரில் ஓய்வாக இருந்த மாஸ்டருக்கு அனுப்பினேன். சென் ஷெங் ஆட்களைக் கிளப்பப் பொய் சொல்லியிருப்பானோ என்றும் கேட்டிருந்தேன்.

போர்க்காலத் தபால். பதில் வந்து சேர மாதக்கணக்காயிற்று. நலம் விசாரித்து, பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேனா என்று அதட்டிவிட்டு, கடைசியில் எழுதியிருந்தார்: "தம்பி, பொய்யெண்டே வைப்பம். அந்தத் தொள்ளாயிரம் பேரும் ஏன் நம்பினவங்கள்? மழைக்கு விலக்கு உண்டெண்ட ஏடு சீயின்ரை பெட்டிக்குள்ளை எல்லோ கிடந்தது. அவங்கள் கண்டது மூக்கில்லாத ஆக்களை."