அறுபத்து நாலு கட்டத்தை மடித்துப் பார்த்தது

போன மாதம் கேரளத்து அம்பலப்புழைக் கிருஷ்ணன் கோயிலில் பால்பாயசம் வாங்க வரிசையில் நின்றபோது, பின்னால் நின்ற பெரியவர் அந்தச் சதுரங்கக் கதையை என் மகளுக்குச் சொன்னார். பந்தயம் அரிசி: முதல் கட்டத்தில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அப்புறம் நாலு, இப்படியே அறுபத்து நாலு கட்டமும் இரட்டிப்பு. சாமியாராக வந்த கண்ணனிடம் ராஜா ஆட்டத்தில் தோற்றுப்போய், கடனை இன்னும் பாயசமாக அடைக்கிறார். "மொத்தம் எத்தனைப்பா?" என்றாள். நானோ அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். விட முடியுமா?

18446744073709551615. நம் வழக்கில் 1 லட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடி, சில்லறையை விட்டுவிட்டு. மண்டியில் நூறு அரிசியை எண்ணித் தராசில் போட்டேன், 2 கிராம். அந்தக் கணக்கில் சுமார் 37 ஆயிரம் கோடி டன். உலகமே ஒரு வருஷத்தில் விளைவிக்கும் அரிசி 50 கோடி டன்னை ஒட்டித்தான் வரும். ராஜா பாவம்.

ஆனால் எனக்குப் பிடித்துப்போனது எடை இல்லை, அந்த எண்ணின் உடம்பு. கடைசி இலக்கம் 5, அதனால் ஐந்தால் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 87, அதனால் மூன்றாலும். மற்ற காரணிகளைப் பிடிக்க, பலகையைப் பாதியாக மடித்தால் போதும். பின்பாதியில் ஒவ்வொரு கட்டமும் முன்பாதிக் கட்டத்தைப் போல 4294967296 மடங்கு. முன்பாதியையும் சேர்த்தால், மொத்தம் என்பது முன்பாதி பெருக்கல் 4294967297. முன்பாதியை இன்னொரு முறை மடித்தால் 65537 வெளியே வரும். அப்புறம் 257, 17, 5, 3. ஆறு மடிப்பில் கையில் மிஞ்சுவது முதல் கட்டத்து ஒற்றை அரிசி. ஒரு பழைய சீட்டில் கட்டம் போட்டு மகளிடம் மடித்துக் காட்டினேன். மூன்றாவது மடிப்பிலேயே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

இந்த ஆறும் ஃபெர்மா எண்கள்: இரண்டைத் திரும்பத் திரும்ப வர்க்கமாக்கி, ஒவ்வொரு தடவையும் கிடைப்பதோடு ஒன்று கூட்டினால் வருபவை. சின்னதிலிருந்து எண்ணினால் முதல் ஐந்தும் பகா எண்கள் என்பதால் இந்த வரிசையில் எல்லாமே பகா எண்தான் என்று 1640-களில் பிரெஞ்சுக் கணிதக்காரர் ஃபெர்மா நம்பினார். ஆறாவது, அதாவது அந்த 4294967297, காலை வாரிவிட்டது. 1732-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் அதை உடைத்தார்: 641 × 6700417. கண்ணை மூடிக்கொண்டு வகுத்துப் பார்த்து அல்ல. அதற்குக் காரணி இருந்தால், அது 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்க முடியும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தே வகுத்தல்!

நேற்று மத்தியானம் லோடு வர நேரமானது. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஐந்தையும் கையாலேயே வகுத்தேன். முதல் நாலிலும் மீதி. ஐந்தாவதில் கடைசி 4487-இல் இருந்து 4487-ஐக் கழித்துப் பூஜ்யம் போடும்போது முதலாளி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இது எந்தப் பார்ட்டி பாக்கி?"

"அம்பலப்புழை ராஜாங்க" என்றேன்.